கடை நேரத்துல பெல்லட் அடுப்பு அணைஞ்சு போச்சா? குறையை அடுப்பே சொல்லும்... காரணத்தை நாமதான் தேடணும்!

அவனியாபுரம்,

சாயங்காலம் 6 மணி. பரோட்டா மாவு பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி வைத்தாகி விட்டது. பார்சலுக்கு நாலு பேர் நிற்கிறார்கள். அந்த நேரம் பார்த்து அடுப்பில் இருந்து 'பீப்... பீப்...' என்று சத்தம். தீ இறங்குகிறது. அடுப்பின் சின்னத் திரையில் ஏதோ இரண்டு எழுத்தும் ஒரு நம்பரும் மின்னுகிறது. கடைக்காரர் சுவிட்சை ஆப் செய்து ஆன் செய்கிறார். எரியவில்லை. மறுபடியும் ஆப், மறுபடியும் ஆன். மூன்றாவது தடவை கை சுவிட்சுக்குப் போகிறதே, அங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது.

இந்த நிலைமை பெல்லட் அடுப்பு வைத்திருக்கும் எந்தக் கடைக்கும் வரலாம். விமான நிலைய சாலை பக்கம் உள்ள ஓட்டலாக இருந்தாலும் சரி, தெருமுனை கிரில் சிக்கன் கடையாக இருந்தாலும் சரி, ஒரு நாள் மாலை வியாபாரம் போனால் போனதுதான். தை முதல் நாள் அவனியாபுரம் ஜல்லிக்கட்டுக்கு கூட்டம் திரளும்போது அடுப்பு மக்கர் செய்தால் கேட்கவே வேண்டாம். மெக்கானிக் வரும் வரை கையைக் கட்டி உட்கார வேண்டுமா? வேண்டியதில்லை. பாதிக்கு மேற்பட்ட கோளாறுகளை கடைக்காரரே கண்டுபிடிக்கலாம். எதில் கை வைக்கலாம், எதில் கை வைக்கவே கூடாது என்று தெரிந்திருந்தால் போதும்.

பெல்லட் அடுப்பு என்றால் என்ன?

மரத்தூள், கடலைத் தோல், கரும்புச் சக்கை போன்ற கழிவுகளை அழுத்திச் செய்த சின்னச் சின்ன குச்சிகள்தான் பெல்லட். விரல் கனத்துக்கும் குறைவாக, 6 முதல் 10 மில்லி மீட்டர் அளவில் இருக்கும். கோழித் தீவனம் பார்த்தவர்களுக்கு பெல்லட் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தமிழகத்தில் ஓட்டல், டீக்கடை, மெஸ், கல்யாண மண்டபம் என்று பல இடங்களில் கியாசுக்குப் பதிலாக இந்த அடுப்பு புழக்கத்தில் உள்ளது. ஒரு கிலோ கியாசில் சுமார் 11 ஆயிரம் கிலோ கலோரி வெப்பம் இருக்கிறது. நல்ல பெல்லட்டில் கிலோவுக்கு சுமார் 4 ஆயிரம். அதாவது 19 கிலோ கடை சிலிண்டர் கொடுக்கும் வெப்பத்துக்கு 50 கிலோவுக்கு மேல் பெல்லட் வேண்டும். பெல்லட் வாங்கும் விலையை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தால்தான் லாபமா, நஷ்டமா என்பது தெரியும். ஈரமான பெல்லட், சாம்பல் அடைத்த அடுப்பு என்றால் இந்தக் கணக்கும் உதைக்கும்.

இது புதுசாக வந்த சங்கதி அல்ல. 2006-ம் ஆண்டு வாக்கிலேயே பி.பி. நிறுவனம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தோடு 'ஊர்ஜா' என்ற வீட்டு பெல்லட் அடுப்பைக் கொண்டு வந்தது. தமிழகத்திலும் விற்பனை நடந்தது. உள்ளே சின்ன பேன், அதற்கு ஒரு பேட்டரி. 2009-ல் அது பர்ஸ்ட் எனர்ஜி நிறுவனத்துக்கு கைமாறியது. பெல்லட் விலை ஏற ஏற வீடுகளில் அந்த அடுப்பு ஓரம் கட்டப்பட்டது. அதன் பிறகு பெல்லட்டுக்கு ஓட்டல் சமையல் கூடம்தான் பெரிய சந்தை ஆனது.

அமெரிக்காவில் இதே பெல்லட்டில் கறி சுடும் கிரில் அடுப்பை ஓரிகான் மாநிலத்தைச் சேர்ந்த ஜோ டிரேகர் 1980-களில் உருவாக்கினார். இன்று அந்த வகை அடுப்புகள் 'ஸ்மார்ட்' ஆகி விட்டன. சூட்டைத் தானே கூட்டும், குறைக்கும். செல்போனுக்கு தகவல் அனுப்பும். கோளாறு என்றால் திரையில் குறி காட்டும்.

உள்ளே என்ன நடக்கிறது?

தானாக இயங்கும் பெல்லட் அடுப்பில் ஐந்தே ஐந்து முக்கிய உறுப்புகள்தான்.

ஒன்று, பெல்லட் கொட்டும் தொட்டி. இதை ஹாப்பர் என்பார்கள். இரண்டு, தொட்டியில் இருந்து பெல்லட்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி விடும் ஸ்குரூ. மாவு மில்லில், அரிசி மில்லில் தானியத்தைத் தள்ளுமே, அதே மாதிரி. மூன்று, பெல்லட் விழுந்து எரியும் இரும்புக் கிண்ணம். அதில் முதல் நெருப்பு வைக்க ஒரு ஹீட்டர் ராடு. நான்கு, காற்று அடிக்கும் புளோயர். ஐந்து, சூட்டை அளக்கும் சென்சாரும், எல்லாவற்றையும் ஆட்டி வைக்கும் கன்ட்ரோல் போர்டும்.

சென்சார் சூடு குறைவு என்று சொன்னால், போர்டு ஸ்குரூவை அதிகம் சுற்ற விடும். சூடு அதிகம் என்றால் சுற்றுவதைக் குறைக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். சென்சார் தப்பாகச் சொன்னால் போர்டும் தப்பாகத்தான் வேலை செய்யும்.

பைக் மீட்டரில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு விற்பனையாகும் பைக்குகளில் அந்த விளக்கு உண்டு. 'எங்கேயோ கோளாறு' என்று அது சொல்லும். பிளக் போச்சா, பெட்ரோலில் தண்ணீரா என்று சொல்லாது. பெல்லட் அடுப்பின் திரையும் அப்படித்தான். 'சூடு இறங்கி விட்டது' என்று சொல்லும். ஏன் இறங்கியது என்று சொல்லாது. காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் சொல்லும், டெங்குவா, மலேரியாவா என்று சொல்லுமா? அதே கதைதான்.

குறிகளின் எழுத்தும் நம்பரும் கம்பெனிக்கு கம்பெனி மாறும். ஒரு அடுப்பில் இ-1 என்றால் சென்சார் கோளாறு, இன்னொன்றில் அதுவே வேறு கோளாறாக இருக்கலாம். அதனால் பக்கத்து கடைக்காரர் சொன்னார் என்று எதையும் கழற்றாதீர்கள். அடுப்போடு வந்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தை செல்போனில் படம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். சுற்றி வளைத்துப் பார்த்தால் பெரும்பாலான குறிகள் நான்கு விஷயத்தில் அடங்கி விடும்: தீ பற்றவில்லை, சூடு இறங்கி விட்டது, சூடு எகிறி விட்டது, சென்சார் தொடர்பு அறுந்து விட்டது.

முதலில் செய்யக் கூடாதது

தீ அணைந்ததும் திரும்பத் திரும்ப ஆன் செய்யக் கூடாது. காரணம் இருக்கிறது. ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் ஸ்குரூ புது பெல்லட்டைக் கிண்ணத்தில் தள்ளும். எரியாத பெல்லட் மலை மாதிரி குவியும். ஹீட்டர் ராடு சூட்டில் அது மெல்லக் கருகி கெட்டியான புகை கிளம்பும். அந்தப் புகையே எரியக் கூடிய வாயுதான். மூடிய அடுப்புக்குள் அது நிறைந்து, திடீர் என்று தீ பற்றினால் 'டமார்' என்று மூடியைத் தூக்கி அடிக்கும். எட்டிப் பார்ப்பவர் முகம் என்ன ஆகும்?

எனவே தீ அணைந்தால் முதல் வேலை, சுவிட்சை ஆப் செய்து பிளக்கைப் பிடுங்குவது. அடுப்பு முழுவதும் ஆறட்டும். பிறகு கிண்ணத்தில் குவிந்த பெல்லட்டை அள்ளி எடுத்து, சாம்பலைத் துடைத்து விட்டு, அதன் பிறகு ஒரே ஒரு தடவை ஆன் செய்ய வேண்டும்.

சீக்கிரம் பற்ற வேண்டும் என்று மண்எண்ணெய், பெட்ரோல், தின்னர் ஊற்றுவது தற்கொலைக்குச் சமம். அந்தப் பழக்கமே வேண்டாம்.

திரையே எரியலையா?

அடுப்பில் கை வைக்கும் முன் கரண்டைப் பாருங்கள். அதே பிளக் பாயிண்டில் செல்போன் சார்ஜர் போட்டுப் பார்க்கலாம். கரண்ட் இருந்தும் அடுப்பு செத்துக் கிடந்தால் பியூஸ் போயிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி விட்டு, அதே ஆம்பியர் பியூஸ் மாற்ற வேண்டும். பியூசுக்குப் பதில் கம்பியை முறுக்கிப் போடும் வேலை வேண்டவே வேண்டாம். போர்டு எரிந்தால் செலவு பல மடங்கு.

ஆன் செய்த சில நிமிடத்தில் மெயின் பாக்ஸில் டிரிப்பர் விழுகிறதா? பெரும்பாலும் ஹீட்டர் ராடுதான் குற்றவாளி. உள்ளே ஈரம் இறங்கி, கரண்ட் இரும்பு உடம்புக்கு கசிகிறது என்று அர்த்தம். 'டிரிப்பரை மாற்றிட்டா சரியாகிடும்' என்று நினைக்காதீங்க. அந்த டிரிப்பர் உயிரைக் காப்பாற்றத்தான் விழுகிறது. எர்த் உள்ள மூணு பின் பிளக்கில்தான் அடுப்பை ஓட்ட வேண்டும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ராடை சோதிக்கச் சொல்லுங்கள்.

சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் தெருவாக இருந்தால் புளோயர் வேகம் குறையும், ராடும் சிவக்காது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் எவ்வளவு வருகிறது என்று எலக்ட்ரீசியன் மீட்டரில் பார்த்துச் சொல்வார். மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987-ல் புகார் செய்யலாம்.

தீ பற்றலையா?

கண்ணும் காதும் போதும். தொட்டியில் பெல்லட் இருக்கிறதா என்று மேலாகப் பார்த்தால் மட்டும் போதாது. சில நேரம் நடுவில் குழி விழுந்து, ஓரத்தில் மட்டும் பெல்லட் நிற்கும். ஸ்குரூவுக்கு ஒன்றும் இறங்காது. பிளக்கைப் பிடுங்கி விட்டு, ஒரு மரக் குச்சியால் கிளறி விட்டால் தீர்ந்தது. கையை உள்ளே விட்டுடாதீங்க. சுற்றும் ஸ்குரூ விரலைப் பார்த்துச் சுற்றாது.

அடுத்து சத்தத்தைக் கேளுங்கள். மோட்டார் முனகுகிறது, ஆனால் பெல்லட் விழவில்லை என்றால் ஸ்குரூ இறுகி விட்டது. ஈரம் பட்ட பெல்லட் ஊதி, பொடியாகி, சிமெண்ட் மாதிரி பிடித்துக் கொள்ளும். தொட்டியைக் காலி செய்து சுத்தம் செய்ய வேண்டும்.

பெல்லட் விழுகிறது, காற்றும் வருகிறது, ஆனால் நெருப்பு இல்லை. அப்படி என்றால் ராடு. கிண்ணத்தைக் காலி செய்து விட்டு ஆன் செய்து, தள்ளி நின்று பார்த்தால் சில நிமிடங்களில் ராடு செக்கச் சிவந்து தெரிய வேண்டும். சிவக்கவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான்.

சூடு ஏற மாட்டேங்குதா?

திரையில் 'சூடு குறைவு' என்று வந்தால் பத்துக்கு எட்டு பேர் போர்டு போச்சு என்றுதான் நினைப்பார்கள். ஆனால் முதல் எதிரி சாம்பல், இரண்டாவது எதிரி ஈரம்.

கிண்ணத்தின் அடியிலும் பக்கத்திலும் காற்று வரும் சின்ன ஓட்டைகள் உண்டு. சாம்பல் அடைத்தால் அடுப்புக்கு மூச்சு முட்டும். தீ மஞ்சளாகி, சோம்பலாக ஆடி, கரும்புகை தள்ளும். தினமும் கடை திறக்கும் முன், அடுப்பு ஆறிய நிலையில் சாம்பலை அள்ளுவதே பாதி வைத்தியம். அள்ளிய சாம்பலை பிளாஸ்டிக் வாளியிலோ, சாக்கிலோ, குப்பைத் தொட்டியிலோ கொட்டக் கூடாது. மேலே சாம்பல் மாதிரி தெரிந்தாலும் உள்ளே கங்கு பல மணி நேரம் உயிரோடு இருக்கும். மூடி உள்ள இரும்பு டின்தான் பாதுகாப்பு.

நல்ல பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீட்டர் இல்லாமலே பார்க்கலாம். ஒரு குச்சியை இரண்டு கையால் முறித்தால் 'டக்' என்று முறிய வேண்டும். நசுங்கினாலோ, உதிர்ந்தாலோ ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கடைத் தரையில் மூட்டையைப் போட்டால் அடி மூட்டை போச்சு. செங்கல் அடுக்கி பலகை போட்டு மேலே வைக்க வேண்டும். பிரித்த மூட்டையை மூடி உள்ள டிரம்மில் கொட்டுங்கள். மழை நாளில் கடை மூடும்போது தொட்டியில் மிச்சம் பெல்லட்டை விட்டு வைக்காமல் எடுத்து விடுவது நல்லது.

சூடு எகிறினால்...

இதுதான் அவசர கட்டம். கிரில் சிக்கன் போடும் அடுப்பில் கொழுப்பு சொட்டிச் சொட்டி அடித் தட்டில் தேங்கும். ஒரு நாள் அது தீப்பிடித்தால் திரையில் 'அதிக சூடு' குறி வரும். அப்போது மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் காற்று புகுந்து தீ எழும்பும். தண்ணீர் ஊற்றவே கூடாது. எண்ணெய்த் தீயில் தண்ணீர் பட்டால் கொதிக்கும் எண்ணெய் சிதறி அடிக்கும். மூடியே வைத்து, கை எட்டினால் பிளக்கைப் பிடுங்கி விட்டு விலகி விடுங்கள். தொட்டிப் பக்கம் புகை வந்தால் தீ ஸ்குரூ வழியாக பின்னோக்கி வருகிறது என்று அர்த்தம். தொட்டி மூடியையும் திறக்காதீர்கள். கடையில் உள்ளவர்களை வெளியேற்றி 101 அல்லது 112-க்கு போன் போடுங்கள். பக்கத்தில் கியாஸ் சிலிண்டர் வைத்துக் கொண்டு பெல்லட் அடுப்பு எரிப்பது பேராபத்து என்பது குறிப்பிடத்தக்கது.

சென்சார் பொய் சொல்லுதா?

அடுப்பு நன்றாக எரிகிறது, திரையில் மட்டும் தாறுமாறாக எண் ஓடுகிறது. சென்சார் கம்பியில் கரி படிந்திருக்கலாம். ஆறிய பிறகு ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஒயர் இணைப்பு லூசா, எலி கடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெல்லட் வாசனைக்கும் மாவு வாசனைக்கும் எலி வரும், ஒயரையும் விட்டு வைக்காது.

கறிக்குள் குத்தும் தனி சென்சார் இருந்தால் சோதிப்பது சுலபம். அதன் முனையை கொதிக்கும் தண்ணீரில் பிடித்தால் 100 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும். ஐஸ் கட்டி நிறைந்த தண்ணீரில் பிடித்தால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். அதில் தப்பினால் சென்சாரை மாற்றுங்கள். கறி வெந்து விட்டது என்று பொய் சொல்லும் சென்சாரை நம்பி வேகாத கோழியைக் கொடுத்தால் சாப்பிட்டவர் வயிறு கெடும், கடைப் பேரும் கெடும்.

செல்போனில் அடுப்பு தெரியவில்லை என்பது அடுப்புக் கோளாறே அல்ல. இப்படிப்பட்ட அடுப்புகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-பையில் மட்டும்தான் சேரும். மோடத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடினால் சேராது. போன் இல்லாவிட்டாலும் அடுப்பு பட்டனில் எரியும். அதற்காக வியாபாரத்தை நிறுத்த வேண்டாம்.

திரையே இல்லாத அடுப்புக்கு?

நம்மூர் கடைகளில் உள்ள சாதா பெல்லட் அடுப்புகளில் புளோயரும் ரெகுலேட்டரும் மட்டும் இருக்கும், திரை இருக்காது. அதற்கும் இதே வரிசைதான்: முதலில் கரண்ட், அடுத்து பெல்லட், அடுத்து சாம்பல், அடுத்து காற்று. வரிசையை மாற்றாமல் பார்த்தால் தேவையில்லாத செலவு மிச்சம்.

கடை மூடும்போது நேராக பிளக்கைப் பிடுங்கும் பழக்கமும் தவறு. ஆப் பட்டனை அழுத்தினால் புளோயர் கொஞ்ச நேரம் ஓடி, கிண்ணத்தில் மிச்சம் உள்ளதை எரித்து முடிக்கும். அது தானாக நிற்கும் வரை விட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் அது பாதியில் நிற்கும். எனவே கரண்ட் வந்ததும் அப்படியே ஆன் செய்யாமல், ஆறவிட்டு கிண்ணத்தைக் காலி செய்த பிறகே பற்ற வைக்க வேண்டும். எரிந்து கொண்டிருக்கும்போது ஒரு குண்டு பல்பு அளவுதான் கரண்ட் இழுக்கும் என்பதால், இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

தலைவலி வந்தால் உஷார்

மழைக்கும் குளிருக்கும் ஷட்டரை இறக்கி விட்டு உள்ளே பெல்லட் அடுப்பு எரிப்பது உயிருக்கு உலை வைக்கும். சரியாக எரியாத தீயில் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எந்தத் திரையிலும் குறி வராது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் என்று சமையல் ஆட்கள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொன்னால் வெக்கை என்று விட்டு விடாதீர்கள். உடனே எல்லோரும் வெளியே வர வேண்டும். 108-க்கு போன் செய்ய வேண்டும். புகைக்குழாயும், காற்று போக ஜன்னலும் இல்லாத இடத்தில் இந்த அடுப்பே வேண்டாம். எரிந்த அடுப்பையோ, கங்கையோ படுக்கும் அறைக்குள் வைத்துத் தூங்கவும் கூடாது.

பில்லைத் தூக்கிப் போடாதீங்க

கன்ட்ரோல் போர்டு, மோட்டார், ஹீட்டர் ராடு ஆகியவற்றைப் பிரிப்பது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. வாரண்டி காலத்தில் நாமே பிரித்தால் கம்பெனி கையை விரித்து விடலாம். திரையில் குறி மின்னும்போதே செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். மெக்கானிக் வரும்போது குறி மறைந்திருந்தாலும் அது சாட்சி. என்ன நேரம், எத்தனை மணி நேரம் எரிந்த பிறகு வந்தது என்பதையும் குறித்து வைத்தால் மெக்கானிக் வேலை சீக்கிரம் முடியும்.

வாரண்டி இருந்தும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. 'கடைக்கு வாங்கினது, வியாபாரப் பொருள், உனக்கு உரிமை இல்லை' என்று எதிர் தரப்பு சொல்லக் கூடும். பயப்பட வேண்டாம். பிழைப்புக்காக சுயதொழில் செய்பவர் அந்தத் தொழிலுக்கு என்றே வாங்கிய பொருளுக்கு 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனால் அதற்கு பில் வேண்டும். பில் இல்லாமல் ரொக்கத்துக்கு வாங்கி, வாரண்டி கார்டில் சீல் போடாமல் விட்டால், அடுப்பு எத்தனை குறி காட்டினாலும் கேட்க நாதி இருக்காது.

பில்லையும், வாரண்டி கார்டையும், குறிகள் உள்ள பக்கத்தையும் ஒரே கவரில் போட்டு கல்லாப் பெட்டியில் வைத்து விடுங்கள். அடுப்பு பீப் அடிக்கும் நேரத்தில் தேடிக் கொண்டிருக்க முடியாது.